கோட்டுக்கு முன்னால் மரியாதை கிடையாது

எங்கள் ரேஞ்சுக்குத் துப்பாக்கி சுட வருகிறவர்களுக்கு முதலில் காதை மூடுகிற மாதிரி ஒன்றைக் கொடுப்போம். பார்க்க ஹெட்போன் போல இருக்கும். துப்பாக்கிச் சத்தத்துக்காகக் கொடுக்கிறார்கள் என்று நினைத்து மாட்டிக்கொள்வார்கள். ஏர் ரைஃபிள் என்ன பெரிய சத்தம் போட்டுவிடும்? அடுப்பில் பலாக்கொட்டை வெடிக்கிற அளவுக்கு ஒரு 'டப்'. அவ்வளவுதான். அங்கே சுடுகிறவர்களைப் பார்த்துக்கொள்கிற அந்த அம்மா வாயைத் திறந்த பிறகுதான் அதை எதற்குக் கொடுத்தார்கள் என்று புரியும். அப்போதும் அது போதாது.

"ஏய் மஞ்ச சட்ட! வெரல எடு! வெரல எடுடான்றன் இல்ல! கண்ணு எங்க பாக்குது, வெரலு எங்க போவுது உனுக்கு?"

மஞ்சள் சட்டை பெங்களூரில் ஏதோ கம்ப்யூட்டர் கம்பெனியில் மேனேஜர் என்று அவன் கூட வந்தவர்கள் சொன்னார்கள். பெற்ற தாய்கூட அவனை அப்படிக் கூப்பிட்டிருக்க மாட்டாள். ஆனால் அவன் விரலை எடுத்தான். எல்லோரும் எடுத்தார்கள். நான் அங்கே இருந்த காலத்தில் எடுக்காத ஆளைப் பார்த்ததில்லை.

நாங்கள் அவரை ரேஞ்சம்மா என்று கூப்பிட்டோம். ஐம்பதைத் தாண்டிய வயது, கட்டையான உடம்பு. முந்தானையை இழுத்து இடுப்பில் இறுக்கிச் செருகியிருப்பார். தலையில் காக்கித் தொப்பி. தொப்பிக்குப் பின்னால் கொண்டையில் கனகாம்பரம். காது மூடியை மாட்டினால் பூ நசுங்கும் என்று அதைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொள்வார். கையில் தையல்கடைக்காரர்கள் வைத்திருக்கிற மர ஸ்கேல். அதை வைத்து அவர் எதையும் அளந்து நான் பார்த்ததில்லை. சுடச் சொல்வதற்கு முன்னால் எவனாவது விசையில் விரலை வைத்தால், அந்த விரல் மேல் அது விழும்.

பாகூரிலிருந்து நெட்டப்பாக்கம் போகிற பக்கம், ரோட்டை விட்டு உள்ளே தள்ளி, கரும்புக் கொல்லைகளுக்கு நடுவில் அந்த ரேஞ்சு இருந்தது. முதலாளி பூரணாங்குப்பத்துக்காரர். வளைகுடாவில் பல வருஷம் வேலை பார்த்துவிட்டு வந்து, கடற்கரைக்குச் சுற்றுலா வருகிறவர்கள் இந்தப் பக்கமும் வருவார்கள் என்று நம்பி ஆரம்பித்தார். வந்தார்கள். ஒரு தகரக் கொட்டகை, நாலைந்து ஏர் ரைஃபிள், லைசென்ஸ் வைத்திருக்கிற உறுப்பினர்களுக்கு மட்டும் தோட்டா போடுகிற பெரிய துப்பாக்கி இரண்டு, எதிரே பேப்பர் குறி ஒட்டுகிற சட்டங்கள், அதற்குப் பின்னால் குண்டுகளைத் தாங்க ஒரு மண்மேடு. அந்த மண்மேட்டுக்கு மண் வெட்டத்தான் நான் போனேன். ஒன்பதாவதோடு படிப்பு நின்றது. திருபுவனையில் பிளாஸ்டிக் கம்பெனி, அங்கே நகம் இரண்டு போனது. பிறகு படகு, பிறகு கேரளாவில் ஓட்டல். ஓட்டலை மூடிவிட்டார்கள். ஊருக்கு வந்து மண் வெட்டினேன். மேடு முடிந்ததும், குறி பேப்பர் மாற்ற ஒரு ஆள் வேண்டும் என்றார்கள். படுக்கக் கொட்டகை இருந்தது, இருந்துவிட்டேன். ரேஞ்சம்மா எனக்கு வைத்த பெயர் 'பேப்பரு'.

கொட்டகைக்குள் குறுக்காக ஒரு சுண்ணாம்புக் கோடு உண்டு. தினமும் காலையில் வந்ததும் அவரே குனிந்து அதைப் புதிதாகப் போடுவார். கோட்டுக்குப் பின்னால் நாற்காலி, மின்விசிறி, அவர் வீட்டிலிருந்து கேனில் கொண்டுவருகிற மோர். கோட்டுக்கு முன்னால் மேஜையும் துப்பாக்கியும். பின்னால் உட்கார்ந்திருக்கிறவரை, "வாங்க தம்பி, வெயில்ல வந்தீங்களா? குந்துங்க, மோர் குடிங்க" என்பார். தெரியாத ஊர்க்காரனுக்கு அத்தை வீட்டுக்கு வந்த மாதிரி இருக்கும். அதே தம்பி கோட்டைத் தாண்டித் துப்பாக்கியைத் தொட்டதும் "டேய்!" சுட்டு முடித்து, கீழே வைத்துவிட்டுத் திரும்பி வந்தால், "நல்லா சுட்டீங்க தம்பி, இன்னும் கொஞ்சம் ஊத்தட்டா?" வந்தவன் இதற்கு முன் திட்டியது யார் என்று சுற்றிலும் தேடுவான்.

ஒரு தடவை கேட்டேன். "ஏம்மா, அங்கயும் கொஞ்சம் மரியாதயா சொன்னா கேக்க மாட்டாங்களா?"

"கேப்பான்டா. அதான் தொல்ல. 'சார்'னு கூப்ட்டா அவன் திரும்பி 'என்னங்க'ன்னு கேப்பான். அவன் திரும்புனா கையில இருக்கறதும் திரும்பும். 'டேய்'னு சொல்லு, அப்டியே கல்லு மாதிரி நிப்பான்."

இது எங்கே படித்த பாடம் என்று தெரியாது. போலீசில் துப்பாக்கி வைக்கிற அறையில் வேலை பார்த்தவர் என்று சொன்னார்கள். அங்கே யாரோ கண்முன்னே குண்டடி பட்டு விழுந்ததாகவும், அதிலிருந்துதான் இப்படி ஆகிவிட்டார் என்றும் மோர் கேனைத் தூக்கிவருகிற ஆட்டோக்காரர் ஒரு கதை வைத்திருந்தார். நேராகவே கேட்டேன்.

"ஒண்ணும் நடக்கலடா" என்றார். "அவ்ளோ வருஷத்துல ஒருத்தனுக்கு ஒரு கீறல் கெடையாது. அப்பவும் இப்டித்தான் கத்தினு இருந்தன்."

முதலாளிக்குத்தான் தினமும் பாடு. காலையில் போனைத் திறந்து, வந்துபோனவர்கள் எழுதிவைத்ததைப் படிப்பார். எங்கள் ரேஞ்சுக்கு நட்சத்திரம் குறைந்துகொண்டே வந்தது. அவர் படிக்க, ரேஞ்சம்மா மோர் கலக்கிக்கொண்டே கேட்பார்.

"இத பாருக்கா. 'இடம் அருமை. ஆனால் அங்கிருக்கும் பெண்மணி என் அப்பாவை மாடு என்று சொன்னார்.'"

"பொய்யி. மாடுன்னு சொல்லல. மாடு கூட நேரா பாக்கும்னு சொன்னன்."

"இன்னொண்ணு. 'புதிதாகக் கல்யாணமான எங்களை அவமானப்படுத்தினார்.'"

அது எனக்கு நினைவிருந்தது. மாப்பிள்ளை துப்பாக்கியைத் தோளில் சாய்த்து மனைவியோடு போட்டோ எடுக்கத் திரும்பப் போனான். ரேஞ்சம்மா அவன் காதைப் பிடித்து முகத்தை முன்பக்கம் திருப்பிவிட்டு, அந்தப் பெண்ணிடம், "ஏம்மா, இவன எங்கம்மா புடிச்ச?" என்றார். பெண் சிரித்தே விட்டாள். சிரித்ததுதான் அவனுக்குப் பொறுக்கவில்லை.

"கஸ்டமர சாமி மாதிரி பாக்கணும்கா" என்றார் முதலாளி.

"சாமி கையிலயும்தான் ஆயுதம் இருக்குது. எந்தச் சாமியாவது வெரல விசையில வெச்சினு இருக்குதா, சொல்லு."

எல்லா நேரமும் அவர் பக்கம் நியாயம் இருந்தது என்று சொல்ல மாட்டேன். விழுப்புரத்திலிருந்து ஒருவர் வந்தார். கால்களை அகட்டி நிற்கச் சொன்னார் ரேஞ்சம்மா. அவர் மெதுவாக நகர்த்தினார். ரேஞ்சம்மா பொறுமை இல்லாமல் தன் செருப்புக் காலால் அவருடைய காலைத் தள்ளிவிட்டார். கணீரென்று இரும்புச் சத்தம் கேட்டது. பேன்ட்டுக்குள் காலில் இரும்புச் சட்டம் போட்டிருந்தார் அவர். மன்னிப்புக் கேட்பார் என்று பார்த்தேன். "அப்ப மத்த கால நகத்து" என்றார். அந்த மனுஷர் மோர்கூடக் குடிக்காமல் போனார். அன்று முழுக்க ரேஞ்சம்மா யாரிடமும் கத்தவில்லை. மறுநாள் வீட்டிலிருந்து கையோடு ஒரு உயரமான ஸ்டூல் கொண்டுவந்து கோட்டுக்கு முன்னால் போட்டார். அந்த விழுப்புரத்துக்காரர் திரும்பி வரவேயில்லை. ஸ்டூல் அங்கேயே கிடந்தது.

திட்டு வாங்கவே வந்தவரும் ஒருவர் உண்டு. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர்களை எங்கள் பக்கம் சொல்தா என்போம். அப்படி ஒரு சொல்தா ஐயா வில்லியனூரிலிருந்து வாரம் தவறாமல் ஆட்டோவில் வருவார். இஸ்திரி போட்ட சட்டை, தலையில் தொப்பி, எண்பது வயது. துப்பாக்கியைப் பிடிப்பதில் அவரிடம் ஒரு குறையும் கிடையாது. ஆனால் ஒரு குண்டு சுட்டதும் வேண்டுமென்றே முழங்கையைக் கொஞ்சம் இறக்குவார்.

"யோவ் பெருசு! கை இன்னா தூங்குதா? பட்டாளத்துல இதுக்குத்தான் உனுக்கு சோறு போட்டானா?"

"உய், உய்" என்று பிரெஞ்சில் ஆமாம் போட்டுக்கொண்டு சொல்தா ஐயா விறைப்பாக நிற்பார். அவர் முகத்தில் அப்போது ஒரு சந்தோஷம் வரும். "பொண்டாட்டி செத்ததுக்கு அப்பறம் ஊர்ல ஒருத்தன் என்ன திட்ட மாட்டன்றான்பா" என்று என்னிடம் ஒரு தடவை சொன்னார். "எல்லாம் ஐயா, ஐயாதான். மனுசன் உயிரோட இருக்கானான்னே சந்தேகம் வந்துடுது."

பேப்பர் மாற்ற வேண்டும் என்றால் ரேஞ்சம்மா கம்பத்தில் சிவப்புக் கொடியை ஏற்றுவார். கொடி மேலே இருக்கிறவரை யாரும் துப்பாக்கியைத் தொடக் கூடாது. எல்லோரும் கோட்டுக்குப் பின்னால் போக வேண்டும். நான் மட்டும் முன்னால் போவேன். ஆரம்பத்தில் அந்தக் கொடியைப் பார்த்துவிட்டுப் பக்கத்துக் கொல்லையில் கரும்பு வெட்டிக்கொண்டிருந்தவர்கள் கத்தியோடு ஓடிவந்தார்கள். "இன்னா தகராறு? கூலி குடுக்கலயா?" என்று கேட்டு, எங்களுக்கு ஆதரவாகத் தரையில் உட்கார்ந்தே விட்டார்கள். முதலாளிக்கு வியர்த்துவிட்டது. "மொதல்ல கத்திய கீழ வைய்ங்கடா" என்று கத்தினார் ரேஞ்சம்மா. வைத்ததும் மோர் கொடுத்தார்.

நான் முதல் நாள் பேப்பர் மாற்றப் போனபோது இரண்டு அடிக்கு ஒரு தரம் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனேன். முதுகுக்குப் பின்னால் முன்பின் தெரியாத நாலு பேர், அவர்களுக்குப் பக்கத்தில் துப்பாக்கி. யாராக இருந்தாலும் பார்ப்பார்கள்.

"இன்னாடா திரும்பித் திரும்பிப் பாத்துனு போற? அங்க ஒருத்தி பாத்துனு நிக்கறா இல்ல? நீ உன் பேப்பரப் பாரு" என்று சத்தம் வந்தது.

அதற்குப் பிறகு நான் திரும்பியதில்லை. முதுகுக்குப் பின்னால், "ஏய், கோட்டத் தாண்டாத! உன்னத்தான்டா தாடி!" என்று கேட்டுக்கொண்டே இருக்கும். அந்தச் சத்தம் கேட்கிறவரை நான் நிதானமாகப் பசை தடவி பேப்பர் ஒட்டுவேன். சில நாள் பாட்டுக்கூடப் பாடியிருக்கிறேன்.

ஆயுத பூஜை வந்தது. ரேஞ்சு இருக்கிற நிலம் நெட்டப்பாக்கத்தில் ஒரு பெரிய விவசாயிக்குச் சொந்தம். குத்தகைக் காலம் முடிகிற நேரம். பூஜைக்கு அவரைக் கூப்பிட்டு, முதல் குண்டை அவர் கையால் சுடவைத்து, அப்படியே கையெழுத்தும் வாங்கிவிடலாம் என்பது முதலாளியின் யோசனை. அவரும் லைசென்ஸ் உள்ள உறுப்பினர்தான். முன்தினம் முதலாளி ரேஞ்சம்மாவை உட்காரவைத்துப் பேசினார்.

"அக்கா, அவுரு கையெழுத்துப் போடலன்னா இந்த மண்மேட்ட வெட்டி சமமாக்கி நெலத்தத் திருப்பித் தரணும். நாளைக்கி ஒரு நாள் நீ வாயத் தொறக்கக் கூடாது."

"தொறந்தா?"

"தொறந்தா அதோட சரி. அடுத்த நாள்லேர்ந்து வர வேணாம். கோச்சுக்காத."

"விசிலு ஊதலாமா?"

"விசிலும் வேணாம்." மர ஸ்கேலையும் வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டிக்கொண்டார்.

முதலாளி போனதும் ரேஞ்சம்மா என்னிடம், "இந்த வேல போனா எம் மருமவ பாவம்டா" என்றார். "வூட்டோட இருந்தா அவளத்தான் திட்டுவன். அது தப்பு. அவ கையில துப்பாக்கி இல்ல."

அவர் விளையாட்டாகச் சொல்லவில்லை.

வாய்ப்பூட்டு காலையிலிருந்துதான் என்பதால் அன்று சாயங்காலமே ஒரு சண்டையை முடித்துவைத்தார். பூஜைக்குத் துப்பாக்கியைச் சாமி படத்துக்கு முன்னால் வைக்க வேண்டும். வைத்தால் குழல் சாமியைப் பார்க்கும். திருப்பி வைத்தால் கும்பிடுகிறவர்களைப் பார்க்கும். இரண்டுக்கும் அவர் ஒப்பவில்லை. கடைசியில் சாமி படங்களைக் கொட்டகையின் பின்சுவரில் மாட்டி, துப்பாக்கிகளை மேஜையிலேயே மண்மேட்டைப் பார்த்து வைத்தார். பாகூரிலிருந்து வந்த குருக்கள் தலையில் அடித்துக்கொண்டார். "ஆயுதத்துக்குப் பூஜைன்னா ஆயுதம் சாமிக்கு முன்னால இருக்கணும்மா."

"முன்னாலதானே இருக்குது? மூஞ்சி மட்டும் அந்தப் பக்கம். சாமி தப்பா எடுத்துக்காது."

மறுநாள் குருக்கள் சாமிக்கு ஒரு தரம், திரும்பித் துப்பாக்கிக்கு ஒரு தரம் என்று சுற்றிச் சுற்றித் தீபம் காட்டினார். நெட்டப்பாக்கத்தார் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையில் ஆட்களோடு வந்திருந்தார். சொல்தா ஐயா நெற்றி நிறைய விபூதியோடு கோட்டுக்குப் பின்னால் முதல் ஆளாக நின்றார். ரேஞ்சம்மா பட்டுச் சேலையில், உதட்டை உள்ளே மடித்துக் கடித்துக்கொண்டு நின்றார். பூஜை முடிந்ததும் என்னைப் பார்த்துத் தலையசைத்தார், கொடியை ஏற்றினார். குறிச் சட்டங்களுக்குச் சந்தனம் வைத்து எலுமிச்சம்பழம் கட்ட நான் போனேன். வழக்கம் போலத் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் அன்று பின்னால் ஒரு சத்தமும் இல்லை. அது எனக்கு என்னவோ போல இருந்தது.

இதற்குப் பிறகு நடந்ததை நான் பார்க்கவில்லை. சொல்தா ஐயா சொன்னது, அதுவும் நடித்துக் காட்டிச் சொன்னது. நெட்டப்பாக்கத்தாரின் ஆள் ஒருவன், "அண்ணே, மாலையோட ஒரு போட்டோ" என்று போனைத் தூக்கியிருக்கிறான். அவர் கோட்டைத் தாண்டிப் போய், பூ சுற்றியிருந்த பெரிய துப்பாக்கியை எடுத்துவிட்டார். ரேஞ்சம்மா வாயைத் திறக்கவில்லை. இரண்டு கையையும் ஆட்டினார். கொடியைக் காட்டினார். என்னைக் காட்டினார். நெட்டப்பாக்கத்தார் இதைக் கும்பிடு என்று நினைத்துச் சிரித்துத் தலையாட்டிவிட்டு, துப்பாக்கியை என் பக்கம் நீட்டிக் கண்ணை இடுக்கிக்கொண்டு போஸ் கொடுத்திருக்கிறார். விரல் விசைக்குப் போனது. முதலாளி மரம் மாதிரி நின்றார். ஓடிப்போய் அந்தக் கையைப் பிடித்தால் பிடித்த வேகத்தில் விரல் அழுந்தும். ரேஞ்சம்மா பக்கவாட்டில் போய் ஒரு கையால் குழலுக்கு அடியில் ஏந்திக்கொண்டார். இன்னொரு கையால் அவர் இடுப்பில் வேட்டியைப் பிடித்து ஒரே இழுப்பு.

வெல்க்ரோ வைத்த வேட்டி அது. 'பர்ர்ர்' என்றது.

எனக்குக் கேட்டது அந்தச் சத்தம்தான். பூஜைக்கு வெடி கொளுத்துகிறார்கள் போல என்று நினைத்து எலுமிச்சம்பழத்தைக் கட்டி முடித்தேன். அங்கே நெட்டப்பாக்கத்தார் துப்பாக்கியை அப்படியே விட்டுவிட்டு இரண்டு கையாலும் வேட்டியைத் தேடிக்கொண்டிருந்தார். உள்ளே பந்து விளையாடுகிறவர்கள் போடுகிற நீல நிற ஷார்ட்ஸ். ரேஞ்சம்மா துப்பாக்கியை மண்மேட்டுப் பக்கம் மேலே தூக்கிப் பிடித்து, போல்ட்டை இழுத்தார். பித்தளைத் தோட்டா ஒன்று துள்ளிக் கீழே விழுந்தது. அதன் மேல் சந்தனமும் குங்குமமும் இருந்தது.

பூஜைத் தட்டில் வைத்துப் பொட்டிட்ட தோட்டா. முதல் குண்டு மங்களகரமாக இருக்கட்டும் என்று காலையில் முதலாளியே தன் கையால் போட்டு வைத்திருந்தார். ரேஞ்சம்மா அதைப் பொறுக்கி முதலாளியின் உள்ளங்கையில் வைத்தார்.

"வாயத் தொறக்கல தம்பி" என்றார். அன்று அவர் பேசிய முதல் பேச்சு.

நெட்டப்பாக்கத்தார் காரில் ஏறிக்கொண்டே, "இந்தப் பொம்பள இருக்கற எடத்துல எங்கையெழுத்து விழாது" என்று சொல்லிவிட்டுப் போனார். முதலாளி ரேஞ்சம்மாவைப் பார்த்தார். அவர் சொல்லும்வரை ரேஞ்சம்மா காத்திருக்கவில்லை. காது மூடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். மோர் கேனை எடுத்துக்கொண்டு ரோட்டுக்கு நடந்தார். இரண்டு நாளில் கையெழுத்து விழுந்தது.

புதிதாக ஒரு பையன் வந்தான். ஏதோ பெரிய ஓட்டலில் வரவேற்பு வேலை பார்த்தவன். வெள்ளை ஷூ, சிரித்த முகம். சுண்ணாம்புக் கோடு அழகாக இல்லையென்று அழித்துவிட்டு, வெல்கம் என்று எழுதிய பாய் போட்டான். கொடியை மட்டும் விட்டுவைத்தான். முதல் நாள் கொடி ஏறியதும் வழக்கம் போல நடந்தேன். பாதி வழியில் அவன் குரல் கேட்டது. "எக்ஸ்க்யூஸ் மீ சார், ஒரு சின்ன ரிக்வெஸ்ட்."

திரும்பிப் பார்த்தேன். கையில் துப்பாக்கியோடு ஒருவர் அவன் பக்கம் திரும்பி, "சொல்லுங்க ப்ரோ" என்று சிரித்துக்கொண்டிருந்தார். அவரோடு குழலும் கொட்டகையை ஒரு சுற்றுச் சுற்றி வந்து என் மேல் நின்றது. பசை டப்பாவோடு திரும்பி வந்துவிட்டேன். இனிமேல் போக மாட்டேன் என்று முதலாளியிடம் சொன்னேன்.

சாயங்காலம் பாகூரில் ரேஞ்சம்மா வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்த மருமகள் என் கையைப் பிடிக்காத குறை. "அண்ணா, எப்டியாவது அத்தைய அங்கயே இட்டுனு போய்டுங்கண்ணா. வந்து பாருங்க." சமையலறையில் அடுப்புக்கும் சிலிண்டருக்கும் முன்னால் குறுக்காக ஒரு சுண்ணாம்புக் கோடு. "நான் தோச ஊத்தணும்னா அவங்க 'ம்' சொல்லணும். கரண்டிய எந்தப் பக்கம் நீட்டறன்னு பாக்கறாங்க. பொடவ முந்தானைய செருகுன்னு தெருவுக்கே கேக்கற மாதிரி கத்தறாங்க." ரேஞ்சம்மா உள்ளே அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். கத்தியின் முனை சுவரைப் பார்த்து இருந்தது. என்னைப் பார்த்ததும், "யார்ரா இப்ப பேப்பர் மாத்தறது?" என்று மட்டும் கேட்டார்.

மறுநாள் முதலாளியே மாற்றினார். "இதுல இன்னா இருக்குது, நானே போறன்" என்று பசை டப்பாவை வாங்கிக்கொண்டார். கொடி ஏறியது. கோடு இருந்த இடத்துக்குப் பின்னால் நான் நின்றேன். அவர் நடந்துபோய்ப் பேப்பரைக் கிழிக்க ஆரம்பித்தார். கல்லூரிப் பையன்கள் ஐந்தாறு பேர் வந்திருந்தார்கள். இரண்டு பேர் மேஜையிலிருந்து துப்பாக்கியை எடுத்துவிட்டார்கள். "சார், ப்ளீஸ் சார், கைண்ட்லி" என்றான் புதுப்பையன். மூன்று பேர் ஒரே நேரத்தில் திரும்பினார்கள். அவர்களில் இரண்டு பேர் கையில் துப்பாக்கி இருந்தது.

முதலாளி அதைப் பார்த்தார். உடனே தரையில் குப்புறப் படுத்துவிட்டார். வெள்ளைச் சட்டையோடு மண்மேட்டு மண்ணில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, பாக்கெட்டிலிருந்து போனை எடுத்தார். பையன்கள் அதையும் விளையாட்டு என்று நினைத்து இன்னும் சிரித்தார்கள்.

"அக்கா, எங்கக்கா இருக்க?" அவர் குரல் எங்களுக்குக் கேட்டது. பிறகு, "கொடி ஏறித்தான் இருக்குதுக்கா." பிறகு, "என்னத்தான் பாக்கறானுங்க." அப்புறம் போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தார். ஸ்பீக்கரில் போடு என்று ரேஞ்சம்மா சொல்லியிருப்பார் போல.

"டேய்!"

போனிலிருந்து அவ்வளவு சத்தம் வரும் என்று நான் நினைத்ததில்லை. மின்கம்பியில் உட்கார்ந்திருந்த மைனாக்கள் பறந்தன. "எவன்டா அவன், கைய எடு! வைய்டா கீழ! வெச்சிட்டுப் பின்னால வா! நீயுந்தான்டா!"

நீ என்று யாரைச் சொன்னாரோ, எல்லோரும் வைத்தார்கள். புதுப்பையன் கையிலிருந்த தண்ணீர் பாட்டிலைக்கூடக் கீழே வைத்துவிட்டு ஓடிவந்து என் பக்கத்தில் நின்றான். முதலாளி எழுந்தார். மூக்கில் ஒட்டிய மண்ணைத் துடைக்கவும் மறந்து போனைக் காதில் வைத்து, "வந்துடுக்கா" என்றார்.

அவர் வந்த அன்று மருமகளே ஸ்கூட்டரில் கொண்டுவந்து விட்டாள். முதல் வேலையாக அந்த வெல்கம் பாயை எடுத்து எறிந்துவிட்டுக் கோடு போட்டார் ரேஞ்சம்மா. அவர் திரும்பி வந்த விஷயம் நெட்டப்பாக்கத்தாருக்குத் தெரியாமல் இருக்காது. ஆனால் அவர் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் ஏன் வேண்டாம் என்கிறீர்கள் என்று ஊரில் நாலு பேர் கேட்பார்கள். அவர் வேட்டியைப் பற்றிப் பேச வேண்டியிருக்கும்.

சொல்தா ஐயா மறுபடி வாரா வாரம் வந்து முழங்கையை இறக்கினார். போனில் நட்சத்திரம் மறுபடி இறங்கியது. முதலாளி படிப்பதை விட்டுவிட்டார்.

நான் எங்கேயும் ரொம்ப நாள் தங்குகிற ஆள் இல்லை. ஒரு நாள் பையைத் தூக்கிக்கொண்டு, "போறன்மா" என்றேன். "எங்கடா?" என்றார். தெரியாது என்றேன். அப்போது ஒருவன் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டிருந்தான். அவர் கண் அவன் மேல் இருந்தது. என்னைப் பார்க்காமலேயே சொன்னார். "போற எடத்துல பின்னால யாரு நிக்கறாங்கன்னு மொதல்ல பாத்துக்க."

இப்போது ஒரு இரும்பு யார்டில் வேலை. கிரேன் கம்பிக் கட்டுகளைத் தூக்கும், நான் அடியில் நின்று கொக்கி மாட்டுவேன். கிரேன் ஓட்டுகிற பையன் தங்கமானவன். யாரையும் ஒரு சொல் கடிந்து சொல்ல மாட்டான். "அண்ணே, கொஞ்சம் நகருங்கண்ணே, ஒண்ணும் அவசரம் இல்லண்ணே" என்பான். எனக்கு அவன் மேல் ஒரு குறையும் இல்லை. நாள் முழுக்க அண்ணாந்து பார்த்துக்கொண்டேதான் வேலை செய்கிறேன்.